கை நுழையாத ஜன்னல்

சின்னக்கண்ணு என்று பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வைத்தபோது அவர் தொட்டிலில் கிடந்தார். நாற்பத்தாறு வயதில், மாட்டு வண்டியின் பின்பக்கம் அவர் ஏறினால் முன்னால் மாடு அண்ணாந்து வானம் பார்க்கும் உருவத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயர் உறுத்தத் தொடங்கியது. 'சி. கண்ணு, நிலச்சுவான்தார்' என்று கார்டு அச்சடித்துப் பார்த்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் கார்டு வாங்கிப் படிக்கிறவர்கள் குறைவு; பல் குத்துகிறவர்கள் அதிகம். அதனால் கார் வாங்கினார்.

சாதாரணக் கார் இல்லை. கொடைக்கானல் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார். ரத்தச் சிவப்பு. இரண்டே சீட்டு. மேலே மடக்கிப் போடும் கான்வாஸ் கூரை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகும். சின்னக்கண்ணு அதில் ஏறுவதில்லை, அதை உடுத்திக்கொள்கிறார் என்று ஊரில் சொன்னார்கள்.

அந்தக் காருக்கு இரண்டு விசேஷங்கள். ஒன்று, பக்கத்து ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. கான்வாஸ் சட்டத்தில் தைத்த, கண்ணாடி மாதிரியான தகடுதான். மழை வந்தால் கதவின் மேல் செருகி, உள்ளேயிருந்து திருகாணி முடுக்க வேண்டும். வெயில் வந்தால் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடலாம். இன்னொன்று, கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. மேலாகக் கையை உள்ளே விட்டு, கதவின் உட்புறப் பைக்குள் கிடக்கும் கயிற்றைச் சுண்டினால் திறந்துகொள்ளும். ஜன்னல் மாட்டியிருக்கும்போது கை போக வேண்டுமே என்று அதன் கீழ்மூலையில் ஒரு மடிப்பு வைத்திருந்தார்கள். தூக்கினால் கை நுழையும், விட்டால் மூடிக்கொள்ளும். இதையெல்லாம் வெள்ளைக்காரர் இங்கிலீஷில் விளக்கினார். சின்னக்கண்ணு இங்கிலீஷில் தலையாட்டினார்.

வாங்கிப் பதினோரு மாதமாகியும் ஒருநாள்கூட அவர் அந்த ஜன்னல்களை மாட்டியதில்லை. மாட்டினால் உள்ளே இருப்பது யார் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? மழையில் நனைந்துகொண்டே போவார். ஜலதோஷம் மூன்று நாளில் போய்விடும், மரியாதை அப்படியா?

கெடுத்தது ஓர் ஆடு. ஒரு கல்யாண வீட்டில் தமக்குப் போட்ட ரோஜா மாலையைச் சீட்டுக்குப் பின்னால் எறிந்துவிட்டு அவர் பந்திக்குப் போனார். ஆடும் பந்திக்கு வந்தது, காருக்குள். மாலையை நாரோடு தின்று முடித்து, அங்கே கிடந்த ஜன்னல் தகடுகள் இரண்டின் மேலும் ஏறி நின்று நிதானமாக அசைபோட்டது. ஏற்கெனவே பழுத்து மஞ்சளாகியிருந்த தகடுகள் அப்பளமாக நொறுங்கின. சின்னக்கண்ணு கவலைப்படவில்லை. மாட்டாத ஜன்னல் இருந்தால் என்ன, போனால் என்ன?

மறுவாரம் மதுரையிலிருந்து கடிதம் வந்தது.

அது அறுபதாம் வருஷத்து ஐப்பசி. புதிதாக வந்திருந்த பஞ்சாயத்து யூனியனுக்குச் சேர்மன் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போடுகிறவர்கள் பதினெட்டு ஊர்த் தலைவர்கள். பதினெட்டுப் பேரும் தங்கள் மனசாட்சிப்படிதான் ஓட்டுப் போடுவார்கள். அந்த மனசாட்சி மதுரையில், பெரியகருப்பன் என்ற தலைவரிடம் இருந்தது. அவர் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அவர் சேர்மன். நாற்காலிக்கு அந்தப் பதினெட்டுப் பேரில் இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள். ஒருவர் சின்னக்கண்ணு. இன்னொருவர் வெங்காய மண்டி மொக்கைச்சாமி.

வெள்ளிக்கிழமை புங்கமரத்துப்பட்டிப் பாலத்தைத் திறக்கப் பெரியகருப்பன் வருகிறார். திண்டுக்கல் ரயிலடியிலிருந்து அவரைக் காரில் அழைத்துவர நான், நீ என்று இருவரும் எழுதியிருந்தார்கள். பதில் சுருக்கமாக இருந்தது: "தொண்டை சரியில்லை. காற்று ஆகாது. நாலு பக்கமும் மூடிய வண்டியாக இருந்தால் நலம்."

மொக்கைச்சாமியிடம் ஒரு பழைய வேன் இருந்தது. வெங்காய வாடை அடிக்கும். ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி.

சின்னக்கண்ணு திண்டுக்கல்லுக்குப் பறந்தார். மெக்கானிக் ஒச்சப்பன் நொறுங்கிய தகடுகளைப் புரட்டிப் பார்த்தான்.

"கம்பெனிக்கு எழுதுனா கப்பல்ல வர மூணு மாசம் ஆகும்யா. அதுக்குள்ள சேர்மன் நாக்காலியில எவனாச்சும் உக்காந்து, தேச்சு, பழசாக்கிருவான்."

"வேற வழி சொல்லுப்பா."

"பேகம்பூர்ல நூர் அகமது பாய் இருக்காரு. கமலைக்குத் தோல் சால் தைக்கிறவரு."

"ஏலே, நான் காருக்குக் கேக்குறேன். நீ கெணத்துக்கு வழி சொல்ற."

"தையல்ல தண்ணி எறங்குமா எறங்காதாங்கிறதுதானய்யா கேள்வி? கெணறா இருந்தா என்ன, காரா இருந்தா என்ன?"

நூர் அகமதுவின் கடையில் பெட்டிகள், பைகள், கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சால்கள் என்று எல்லாம் உத்தரத்தில் தொங்கின. சுற்றுவட்டாரத்தில் அவர் தைத்த சால் ஒழுகுவதாகச் சொன்னவர் ஒரே ஒருவர்தான்; அவரும் பிறகு வந்து, தப்பு தோலில் இல்லை, அதை மாட்டிய இரும்பு வாளியில் என்று சொல்லிவிட்டுப் போனார். நூர் அகமது மிகவும் அடக்கமான மனிதர். இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

"என்ன மொதலாளி, தண்ணி உள்ள நிக்கணுமா, வெளிய நிக்கணுமா?"

"வெளியதான். மழையும் உள்ள வரக் கூடாது, காத்தும் உள்ள வரக் கூடாது."

"அப்ப சாலைத் திருப்பிப் போட்ட மாதிரி. செஞ்சிரலாம்." பாய் பழைய சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மதுரையில மேசைமேல விரிக்கிற கனத்த பிளாஸ்டிக் தகடு வந்திருக்கு. தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், மடக்குனாலும் ஒடியாது. அது கெடக்கட்டும், இந்த மூலையில என்ன ஓட்டை?"

சின்னக்கண்ணுவுக்கு அந்த மடிப்பைப் பற்றி வெள்ளைக்காரர் ஏதோ சொன்னது ஞாபகம் வந்தது. என்ன சொன்னார் என்பது வரவில்லை. தெரியாது என்று சொல்லலாம். ஆனால் கார் வைத்திருப்பவர், கமலைச்சால் தைப்பவரிடம், தம் காரைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"அதுவா? அது காத்துக்கு" என்றார்.

"காத்து வேணுமா உங்களுக்கு?"

"காத்துதான் ஆகாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேன்!"

உள்ளேயிருந்து பாயின் மனைவி ஜெய்தூன் பீவியின் குரல் வந்தது: "ஏங்க, அவன் ஓட்டைய வேணும்னுதானே வச்சிருப்பான்? காரணம் இல்லாமலா மூடி போட்டுத் தைப்பான்?"

"வெள்ளக்காரனுக்கு நம்ம ஊரு ஐப்பசி தெரியுமா? நீ சோத்தப் பாரு." பாய் சின்னக்கண்ணுவிடம் திரும்பினார். "அடைச்சிருவோமா?"

"அடைச்சிரு" என்றார் சின்னக்கண்ணு, நிலச்சுவான்தார் குரலில்.

புதன்கிழமை போனபோது, புது ஜன்னல்கள் இரண்டும் கடை வாசலில் செங்கல் மேல் படுக்கப் போட்டிருந்தன. சட்டத்தின் விளிம்புவரை தண்ணீர் ஊற்றியிருந்தார் பாய். ஒரு ஜன்னலில் காக்கை ஒன்று குளித்துக்கொண்டிருந்தது.

"காலையில ஊத்துனது. கீழ தடவிப் பாருங்க."

சின்னக்கண்ணு குனிய முடிந்த அளவு குனிந்து தடவினார். வெயிலில் காய்ந்த மண் மாதிரி உலர்ந்திருந்தது. மடிப்பு இருந்த மூலையில் இரட்டைத் தையல், மெழுகு நூல். ஓட்டை இருந்த சுவடே இல்லை.

"கூடவே ஒரு சின்ன வேலை, நானாத்தான் செஞ்சேன்" என்றார் பாய் அடக்கமாக. "கதவுக்கு உள்ள பை இருக்குல்ல? அதுல தண்ணி எறங்கிரக் கூடாதுன்னு தோல்ல மூடி தச்சு பக்கிள் போட்டுட்டேன். வெள்ளக்காரனுக்கு இதெல்லாம் தோணலை பாருங்க."

சின்னக்கண்ணு மகிழ்ந்துபோனார். தம் பக்கத்துப் பையில் வெற்றிலைப் பெட்டி வைப்பதால் அந்தப் பக்கிளை மட்டும் திறந்தே விட்டார். "வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் புங்கமரத்துப்பட்டிக்கு வாங்க பாய். உங்க வேலைய நாலு பேரு பாக்கட்டும்" என்று பெருந்தன்மையோடு அழைத்தார்.

வெள்ளிக்கிழமை வானம் கறுத்துக் கிடந்தது. ரயிலடியில் மொக்கைச்சாமியின் வேன் காற்றில் வெங்காயத் தோலைப் பறக்கவிட்டபடி நின்றது. பெரியகருப்பன் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு இறங்கினார். வேனை முகர்ந்தார். சிவப்புக் காரைப் பார்த்தார். சின்னக்கண்ணு முன்பே திறந்து வைத்திருந்த கதவு வழியே காருக்குள் இறங்கினார்; அந்தக் காரில் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும்.

தலைவரும் நல்ல பருமன். இருவரும் உள்ளே உட்கார்ந்து, சின்னக்கண்ணு இரண்டு ஜன்னல்களையும் உள்ளேயிருந்து மாட்டித் திருகாணி முடுக்கிக் கியர் போடுவதற்குள் நாலு தடவை மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் வழியெல்லாம் தூறல் அடித்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வெளிச்சத்தமே கேட்கவில்லை.

"காத்தே வரலையே தம்பி" என்றார் தலைவர் கரகரத்த குரலில். "நல்ல வண்டி."

தம்பி! சின்னக்கண்ணுவின் முழங்கையில் இடித்தது தலைவரின் விலாதான். அவருக்கோ அது சேர்மன் நாற்காலியின் கைப்பிடியாகத் தோன்றியது.

புங்கமரத்துப்பட்டிப் பாலம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஓடையில் இரண்டு சிமெண்டுக் குழாய்களை வைத்து மேலே மண் கொட்டியிருந்தார்கள். பந்தலில் மற்றப் பதினேழு ஊர்த் தலைவர்கள், பின்னால் ஊர் ஜனம், முன்னால் ஒரு பேண்டு செட், ஒரு மேளம். இரண்டும் ஒன்றையொன்று தோற்கடிக்க வாசித்துக்கொண்டிருந்தன. தூறல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது.

பதினேழு தலைவர்கள் பார்க்க, தானே காரைச் சுற்றிவந்து, தானே கதவைத் திறந்து, தலைவரைக் கைகொடுத்து இறக்குவது என்று சின்னக்கண்ணு நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். பைக்குள் கையை விட்டுத் தன் பக்கத்துக் கயிற்றைச் சுண்டினார். இறங்கினார். கதவைச் சாத்தினார். நெஞ்சை நிமிர்த்திச் சுற்றிவந்தார். கதவைத் திறக்கக் கையை நீட்டினார்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிடிக்க ஒன்றுமே இல்லை. மேலாகக் கையை விடலாம் என்றால் ஜன்னல். ஜன்னலின் கீழ்மூலையில் விரல் தானாகப் போய்த் தடவியது. இரட்டைத் தையல் தட்டுப்பட்டது.

வெள்ளைக்காரர் சொன்னது என்னவென்று அந்த நொடியில், பதினோரு மாதம் தாமதமாக, சின்னக்கண்ணுவுக்கு இங்கிலீஷ் புரிந்தது.

மறுபக்கம் ஓடினார். அங்கேயும் அதே தையல். கூரையைப் பிடித்து இழுத்தார். அதன் கொக்கிகளும் உள்ளேதான். இதற்குள் தலைவர் தன் பக்கத்துக் கதவில் கைப்பிடி தேடிக்கொண்டிருந்தார். தோல் மூடியும் பக்கிளும்தான் கிடைத்தன. அது யாருடைய பையோ என்று விட்டுவிட்டார். ஜன்னலைத் தட்டினார். பிறகு குத்தினார். வாய் அசைந்தது. மேளமும் பேண்டும் முழங்க, பாயின் தையலையும் தாண்டி ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

"தலைவரு கையாட்டுறாரு!" என்றது கூட்டம். கைதட்டியது.

அப்போதாவது சின்னக்கண்ணு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேனில் முந்தி வந்துவிட்ட மொக்கைச்சாமி பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சின்னக்கண்ணு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஐயாவுக்குத் தொண்டை சரியில்லாத காரணத்தால், காருக்குள் இருந்தபடியே நமக்கு ஆசி வழங்குகிறார்கள்."

கூட்டம் நெருங்கிவந்து காரைச் சுற்றி உட்கார்ந்தது. கார் மூஞ்சியில் ஒரு மாலை விழுந்தது. தலைவர் முஷ்டியை உயர்த்திக் காட்டினார்.

"ஒத்துமையா இருக்கணும்ங்கிறாரு" என்று விளக்கினான் ஒருவன்.

தலைவர் மப்ளரைக் கழற்றி எறிந்தார்.

"தியாகம் பண்ணணும்ங்கிறாரு."

சின்னக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே நின்று கயிற்றைச் சுண்டுவதுபோல் ஜாடை காட்டினார். மறுபடியும் காட்டினார். உள்ளே தலைவர் வெறித்துப் பார்த்தார்.

"பால் கறக்கச் சொல்றாரோ?"

"இல்லப்பா, கோயில் மணி."

பந்தலில் மொக்கைச்சாமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்துவந்து உதவவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் நூர் அகமது, தம் வேலையை நாலு பேர் அல்ல, நானூறு பேர் பார்ப்பதைப் பார்த்துப் பூரித்து நின்றார். சின்னக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தார்.

"பாய், அந்த ஓட்டை கைய விடுறதுக்குய்யா! கைய விட்டாத்தான் கதவு தெறக்கும்!"

"காத்துக்குன்னீங்க?"

"இப்ப அதுவா பேச்சு? பிரிய்யா!"

"பிரிக்கலாம். ஒரு மணி நேரம் ஆகும். வேற ஆளு தச்சதுன்னா அஞ்சு நிமிசம்." அந்த நேரத்திலும் பாய் அடக்கமாகவே சொன்னார். "தகட்ட வெட்டுனா ஒரே நொடி. ஆனா ஜன்னல் போச்சு."

சின்னக்கண்ணு கணக்குப் போட்டார். தலைவர் திரும்பவும் ரயிலடிக்குப் போக வேண்டும். ஜன்னல் இல்லாவிட்டால் மொக்கைச்சாமியின் வேன். வழியெல்லாம் மொக்கைச்சாமி பேசுவார். கூடாது.

"மெதுவாப் பிரிங்க" என்றார். "பேண்டு இன்னும் ரெண்டு பாட்டு வாசிக்கட்டும்."

அப்போதுதான் பதினெட்டுத் தலைவர்களில் ஒரே பெண்ணான ராமுத்தாய் எழுந்துவந்தார். பூந்தோட்டத்து வேலையைப் பாதியில் விட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்தவர். இடுப்பில் செருகிய பன்னருவாள் அப்படியே இருந்தது.

"ஏப்பா சின்னக்கண்ணு, உள்ள இருக்குறது மனுசனா, ஊறுகாயா? வெயில்ல வச்சிருக்க?"

"செத்த நேரம் பொறுக்கா. பிரிச்சுட்டா புதுசு மாதிரியே இருக்கும்."

"அவரு இருக்க மாட்டாரு. தள்ளு."

அருவாள் வெளியே வந்தது. சின்னக்கண்ணு தம்மை அறியாமலே இரண்டு கைகளையும் விரித்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். "தகட்டுல கை வைக்காதக்கா!" என்று கூவினார். முதுகுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை தூரத்தில், தலைவரின் மூக்கு தகட்டில் ஒட்டிக்கிடந்தது.

ராமுத்தாய் அவரை ஒரு தள்ளு தள்ளினார். இருபது வருஷம் பூக்கூடை சுமந்த கை. நிலச்சுவான்தார் கார் மூஞ்சியில் கிடந்த மாலையின் மேல் உட்கார்ந்தார். பாய் ஓடிவந்து, "தையல்கிட்ட வேணாம் ஆத்தா, இங்கன வெட்டு" என்று இடம் காட்டினார். சரக். பாய் பையைக் காட்ட, ராமுத்தாயின் கை உள்ளே போனது. பக்கிள் கழன்றது. கயிறு இழுபட்டது. கதவு திறக்கவும் தலைவர் வேர்வையும் வேட்டியுமாக வெளியே உருண்டு வந்தார்.

பேண்டு நின்றது. தலைவர் எழுந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, மைக் பக்கம் போனார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"இருவது நிமிசம் கத்திருக்கேன். ஒருத்தன் எந்திரிச்சுப் போகலை."

அது கோபமா, ஆச்சரியமா என்று அவருக்கே தெரியவில்லை. முப்பது வருஷ மேடை அனுபவத்தில் அவருக்கு இது முதல் தடவை. அதற்குமேல் குரல் எழும்பாததால் பாலம் ஒரே வரியில் திறக்கப்பட்டது. ஜனம் அன்றைக்கு அவரை மனதாரப் பாராட்டிவிட்டுப் போனது.

பந்தலின் பின்னால் தலைவர் மூன்றாவது சொம்பு மோர் குடித்துக்கொண்டிருந்தபோது சின்னக்கண்ணு கைகட்டிப் போய் நின்றார். மொக்கைச்சாமியும் சிரிப்பைத் துடைத்துவிட்டு வந்து நின்றார்.

"ஐயா, நடந்தது என்னன்னா..."

"நடந்தது என்னன்னு எனக்குத் தெரியும் தம்பி. காதுதான் கேக்கலை, கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு. ஒருத்தரு வயித்தப் புடிச்சுச் சிரிச்சாரு. ஒருத்தரு கையை விரிச்சுக் கண்ணாடியக் காப்பாத்துனாரு. ஒரு அம்மா அருவாளோட வந்துச்சு. மூணு பேரையும் துல்லியமாப் பாத்தேன்."

"மதுரைத் தகடுங்க. முகம் பாக்கலாம்" என்றார் அருகில் நின்ற நூர் அகமது.

தலைவர் ராமுத்தாய் இருந்த பக்கம் திரும்பினார். தலையை அசைத்தார். பதினேழு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவர் ரயிலடிக்கு டவுன் பஸ்ஸில் போனார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு.

அடுத்த புதன்கிழமை தேர்தல் நடந்தது. ராமுத்தாய் பெயரைச் சொன்னதும் கைகள் எழுந்தன. சின்னக்கண்ணுவின் கை கடைசியாக எழுந்தது; எழுந்த பிறகு மற்ற எல்லாக் கைகளையும்விட உயரமாக நின்றது. மொக்கைச்சாமியும் தோற்றுவிட்டார் என்பதில் அவருக்கு முக்கால்வாசி வெற்றி கிடைத்திருந்தது.

கையெழுத்துப் போடப் புதுச் சேர்மன் திண்டுக்கல் போக வேண்டும். பஸ் போய்விட்டது. மாலையும் கழுத்துமாக ரோட்டில் நின்ற ராமுத்தாயின் முன்னால் சிவப்புக் கார் வந்து நின்றது. கூரையும் இல்லை, ஜன்னலும் இல்லை.

"ஏறுக்கா. நான் கொண்டுபோய் விடுறேன்."

ராமுத்தாய் சந்தேகமாகப் பார்த்தார். கதவின் மேலாகக் கையை விட்டு, தானே கயிற்றைச் சுண்டித் திறந்து உட்கார்ந்தார்.

வழியெல்லாம் செய்தி பரவியிருந்தது. டீக்கடைகளிலிருந்து ஜனம் எழுந்து நின்றது. சோளக்காட்டில் களையெடுத்தவர்கள் நிமிர்ந்து கும்பிட்டார்கள். சின்னக்கண்ணு ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெற்றிக்குக் கொண்டுபோய், ஒரு கும்பிடுகூட வீணாகாமல் வாங்கிக்கொண்டே வந்தார். முகம் மலர்ந்து, காரைவிடச் சிவந்திருந்தது.

ராமுத்தாய் நாலு மைல் பொறுத்துப் பார்த்தார்.

"ஏப்பா, அவங்க எனக்குக் கும்பிடுறாங்களா, ஒனக்கா?"

"ரெண்டு பேருக்கும்னு வச்சுக்குவோம்க்கா."

"வச்சுக்க, வச்சுக்க" என்றார் சேர்மன். "ரோட்டப் பாத்து ஓட்டு."